புகார் சொன்னால் போன் போய்விடும்!

பதினாறு வயது நிறையாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடை விதித்திருக்கிறது. அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அதுபோன்றதொரு சட்டம் குறித்து மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று கூறியது. அதிலிருந்து இங்கேயும் பேச்செல்லாம் தடையைச் சுற்றியே நடக்கிறது. வகுப்புத் தோழர்களாலேயே இணையத்தில் அவமானப்படுத்தப்படும் ஒரு பிள்ளை அதை வீட்டிலோ பள்ளியிலோ வாய் திறந்து சொல்ல முடிகிறதா என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. முதலில் விடை காண வேண்டியது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

தொல்லை தருபவர் பக்கத்து பெஞ்சில்

இணையவழித் துன்புறுத்தல் என்றதும், முகம் தெரியாத எவரோ எங்கிருந்தோ மிரட்டுவதுதான் பெற்றோர் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை தொல்லை தருபவர் பல நேரம் அதே வகுப்பில், சில நேரம் அதே பெஞ்சில் இருப்பவர்.

வகுப்பில் ஒருவன் கொட்டாவி விட்ட நொடியில் எடுத்த படம், மாலைக்குள் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகிவிடும். அதன்பின் குரூப்பில் யார் எது சொன்னாலும் பதிலுக்கு அந்த முகம்தான் வந்து விழும். இன்ஸ்டாகிராமில் பள்ளியின் பெயரோடு ஒரு ‘கன்ஃபெஷன்’ பக்கம் இருக்கும். அதை நடத்துவது யார் என்று தெரியாது. யாருக்கு யாரோடு காதல், யார் எப்படிப்பட்டவள் என்று பெயர் போட்டே எழுதுவார்கள். ஒருத்தியின் படத்தை வைத்து ஃபேக் ஐடி தொடங்கி, அவளே பேசுவதுபோல் மற்றவர்களுக்குச் செய்தி அனுப்புவார்கள். தோழியை நம்பி அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட், மறுநாள் குரூப்பில் கிடக்கும்.

எதுவும் எழுதாமலே வதைக்கவும் வழி இருக்கிறது. ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் புதிய குரூப் தொடங்குவார்கள். மறுநாள் வகுப்பில் எல்லோரும் எதையோ நினைத்துச் சிரிப்பார்கள். எதற்கு என்று இவருக்கு மட்டும் தெரியாது.

கேலிக்கு ஆளாவது நிறம், பருமன், பேச்சில் வரும் திக்கல், பையனின் நடையில் உள்ள மென்மை, வீடியோ காலில் பின்னால் தெரிந்த கூரை வீடு, அப்பா பார்க்கும் வேலை. கூடவே சாதி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்றவற்றைப் பள்ளிகளில் தடுக்கப் பரிந்துரைத்தது. தேவையான பரிந்துரை. ஆனால் கையிலிருக்கும் கயிற்றை வாசலில் நிற்கும் ஆசிரியரால் பார்க்க முடியும். ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் கட்டிக்கொண்டு வரும் கயிறு அவர் கண்ணில் படாது.

குரூப்பை விட்டு வெளியே வந்துவிடு என்று சொல்வது எளிது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகத் தொடங்கிய பழக்கம், பள்ளிகள் திறந்த பிறகும் தொடர்கிறது. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, நாளைக்கு என்ன சீருடை என்பது வரை பல பள்ளிகளில் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ஆசிரியர் இருக்கும் குரூப் ஒன்று. அதே பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் வைத்திருக்கும் குரூப் இன்னொன்று. ஆசிரியர் போட்ட கணக்கில் சந்தேகம் கேட்பதும் இந்த இரண்டாவது குரூப்பில்தான், ஒருவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவதும் அங்கேதான். வெளியேறினால் படிப்பிலிருந்தே பாதி வெளியேறியதுபோல் ஆகிவிடுகிறது.

சொன்னவருக்குத் தண்டனை

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தை யாரோ மார்பிங் செய்து பரப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அம்மாவிடம் சொல்கிறாள். பெரும்பாலான வீடுகளில் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். முதலில் போன் பறிபோகும். “நீ ஏன் போட்டோ போட்ட?” என்பது முதல் கேள்வியாக வரும். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா அழுவார். தெரிந்துவிட்டால் டியூஷன் நிற்கும், தோழி வீட்டுக்குப் போவது நிற்கும். சில குடும்பங்களில் பத்தாம் வகுப்போடு படிப்பே நிற்கும், மாப்பிள்ளை தேடும் பேச்சு ஆரம்பிக்கும். படத்தைப் பரப்பியவன் அன்றைக்கும் வழக்கம்போல் பள்ளிக்குப் போய் வருவான்.

பையன் சொன்னால் வேறு மாதிரி. “ஆம்பளப் பையன், இதுக்கெல்லாமா அழுவ? நீயும் நாலு போடு” என்பார்கள். திருப்பிப் போட்டால் அவனும் குற்றவாளி. போடாவிட்டால் வீட்டிலும் கோழை.

இந்தக் கணக்கைப் பிள்ளைகள் மிகச் சரியாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். சொன்னால் போன் போகும், நண்பர்கள் போவார்கள், படிப்பும் போகலாம். சொல்லாவிட்டால் அவமானம் மட்டும்தான். எனவே சொல்வதில்லை. அதை நாம் பிள்ளைகளின் அழுத்தம், மறைக்கும் புத்தி என்று பெயரிட்டுக் கண்டிக்கிறோம். அது எவ்வளவு அநியாயம்!

முப்பது நாடுகளில் 1,70,000க்கும் மேற்பட்ட இளையோரிடம் யுனிசெஃப் கருத்துக் கேட்டு 2019இல் வெளியிட்ட முடிவில், மூன்றில் ஒருவர் இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகவும், ஐந்தில் ஒருவர் அதனால் பள்ளிக்குப் போகாமல் இருந்ததாகவும் தெரிவித்தார்கள். வயிற்றுவலி என்று திங்கட்கிழமை காலையில் படுத்துக்கொள்ளும் பிள்ளையை, மதிப்பெண் திடீரென்று சரிந்த பிள்ளையை, போன் ஒலித்தாலே முகம் மாறும் பிள்ளையை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். தூக்கமும் பசியும் கெட்டு, சிலருக்கு உயிர்மேலேயே வெறுப்பு வருமளவுக்கு இது போகிறது. அந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை எந்த நேரமும் கிடைக்கும்.

தடை எதைத் தொடும்?

ஆஸ்திரேலியச் சட்டத்தில் மதிக்க வேண்டிய ஓர் அம்சம் இருக்கிறது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அபராதம் கிடையாது. நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். லாபம் பார்ப்பவர் பொறுப்பேற்கட்டும் என்ற அந்த நியாயம் நமக்கும் வேண்டும்.

ஆனால் இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், டிக்டாக், யூடியூப் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் அந்தத் தடையில் வாட்ஸ்அப் வரவில்லை. நம் பிள்ளைகளின் வகுப்பு குரூப் இருப்பதோ வாட்ஸ்அப்பில். ஸ்டிக்கரும் ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றுவது அங்கேதான். தடை அப்படியே இங்கு வந்தாலும் இந்த வகைத் தொல்லை தொடரும்.

இன்னொரு சிக்கல், இங்கே ஒரே போனை வீடே பயன்படுத்துகிறது. அப்பா வேலையிலிருந்து வந்ததும் அவர் போன் பிள்ளையின் கைக்குப் போகும். கணக்கு அப்பாவின் எண்ணில், அண்ணனின் பெயரில், அம்மாவின் பிறந்த தேதியில் இருக்கும். வயதைச் சரிபார்க்கும் எந்த ஏற்பாடும் இந்த வீடுகளில் வழுக்கிவிடும்.

இவை இரண்டையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. கணக்கு வைத்திருப்பதே தப்பு என்றாகிவிட்டால், துன்புறுத்தப்பட்ட பதினான்கு வயதுப் பிள்ளை முதலில் தன் தப்பை ஒப்புக்கொண்டால்தான் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல முடியும். ஏற்கெனவே சொல்லத் தயங்கும் வாயை அது இன்னும் இறுக்கமாக மூடிவிடும். சட்டம் தண்டிக்காவிட்டாலும் வீடு தண்டிக்கும். தடை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. புகார் சொல்லும் பிள்ளையைக் காக்கும் ஏற்பாடு முதலில் வராமல் தடை மட்டும் வந்தால் கெடுதல் கூடும் என்கிறேன்.

கருவியைக் கொடுத்த வேகத்துக்கு நாம் எதையும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட ‘அசர் 2024’ ஆய்வில், 14 முதல் 16 வயதுள்ளோரில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்திருந்தது. முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். சமூக ஊடகம் பயன்படுத்தியவர்களில் தொல்லை தரும் கணக்கை பிளாக் செய்யவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம் மட்டுமே. தன் பக்கத்தைத் தனிப்பட்டதாக மாற்றத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். பத்து நிமிடப் பாடத்தில் சொல்லித்தர வேண்டியது பத்தில் நான்கு பேரிடம் போய்ச் சேரவில்லை.

செய்தவரும் சிறுவர், பார்த்தவரும் சிறுவர்

ஒரு வகுப்பில் தொல்லை தருபவர் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் பார்க்கிறார்கள், சிரிக்கும் எமோஜி போடுகிறார்கள், அல்லது பேசாமல் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பும் மௌனமும் இல்லையென்றால் ஆட்டம் இரண்டு நாளில் ஓய்ந்துவிடும்.

பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் குழுவினரும் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அவர்கள் உருவாக்கிய ‘கிவா’ திட்டம் பார்வையாளர்களாக நிற்கும் மாணவர்களைத்தான் முக்கியமாகக் குறிவைக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவாக அடுத்த அடி எடுத்து வைப்பது எப்படி என்று வகுப்பறையிலேயே பழக்குகிறார்கள். நம் பள்ளிகளில் ‘போட்டுக்கொடுக்கிறவன்’ என்ற பட்டத்துக்குப் பயந்தே நல்ல பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆபத்தில் இருக்கும் தோழனுக்காகப் பேசுவது போட்டுக்கொடுப்பதாகாது என்பதை ஆசிரியர் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

செய்தவரை என்ன செய்வது? ஸ்பெயினில் அல்மென்ட்ராலெஹோ என்ற ஊரில் 2023இல் சிறுவர்கள் சிலர் தங்கள் ஊர்ப் பள்ளி மாணவியரின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு நிர்வாணப் படங்களாக்கி வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். 2024இல் சிறார் நீதிமன்றம் 15 பேருக்கு ஓராண்டு கண்காணிப்பு விதித்து, ஆண்-பெண் சமத்துவம் குறித்தும் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது குறித்தும் வகுப்புகளில் கட்டாயம் கலந்துகொள்ள உத்தரவிட்டது. குற்றம் குற்றம்தான் என்று நிறுவியது, அதே நேரம் அவர்களுடைய எதிர்காலத்தையும் மூடிவிடவில்லை. அடித்து உதைத்து டி.சி. கொடுத்து அனுப்புவதைவிட இது கடினமான வழி, சரியான வழியும்கூட. டி.சி. வாங்கிய பையன் அதே போனோடு அடுத்த பள்ளிக்குப் போகிறான்.

நம் சட்டமும் வெறுங்கையோடு இல்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் போக்சோ சட்டத்திலும் கடும் குற்றம். அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் தெரிவிக்காமலும் போனில் வைத்திருப்பதே குற்றமாகக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. “எனக்கு ஃபார்வர்டா வந்துச்சு, அவ்வளவுதான்” என்ற விளக்கம் இனி செல்லாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். போக்சோ குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல் துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். தலைமையாசிரியரின் அறையில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

முன்னோடி மாநிலம் விட்ட இடைவெளி

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டபோது தமிழ்நாடு வெறுமனே அழுதுவிட்டு நிற்கவில்லை. 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. மாணவருக்கு அச்சமோ அவமானமோ மனத் துன்பமோ உண்டாக்கும் செயல்களையெல்லாம் ராகிங் என்று அது வரையறுத்தது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம் என்றது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்படுவார் என்றும் சொன்னது. வாட்ஸ்அப் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட சட்டத்தில் எவ்வளவு தொலைநோக்கு!

வாட்ஸ்அப் குரூப் வைத்து இளைய மாணவர்களைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. பத்தொன்பது வயது மாணவருக்குக் கிடைத்திருக்கும் இந்தத் தெளிவு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளில் துன்புறுத்தல் தடுப்புக் குழு அமைக்க 2015இலேயே வழிகாட்டுதல் வந்தது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி இருக்கிறது. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவியருக்கு இணையப் பாதுகாப்பு பற்றியும் சொல்லித்தரும் ‘அகல் விளக்கு’ என்ற திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் இணையப் பாதுகாப்பை மாணவியருக்கு மட்டும் சொல்லித்தந்தால், ஒதுங்கி நடந்துகொள் என்று அவர்களுக்கே மறுபடியும் அறிவுரை சொல்வதாக முடியும். படம் எடுக்கும் பையன், பரப்பும் பையன், பார்த்துச் சிரிக்கும் பையன் மூவரும் அந்த அறையில் உட்கார வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே உட்கார வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குள் அவர்கள் பல குரூப்களைக் கடந்து வந்துவிடுகிறார்கள்.

இனி செய்ய வேண்டியவை

முதல் வேலை வீட்டில். ஏதும் நடப்பதற்கு முன்பே, “என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு, அதுக்காக உன் போனை வாங்க மாட்டேன்” என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள். பிள்ளை சொல்லும் நாளில் ‘ஏன்’ என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு புகார் செய்து பிளாக் செய்யுங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் பல வீடுகளில் சாட்சியம் இல்லாமல் போகக் காரணம். ஆபாசப் படமாக இருந்தால் மட்டும் நகல் எடுக்காதீர்கள். ஆசிரியருக்குக்கூட அனுப்பாமல், வந்திருக்கும் போனோடு காவல் துறையிடம் காட்டுங்கள்.

அத்தகைய படங்களை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களிலிருந்து நீக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. அதை அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நடத்துகிறது. படம் நம் போனை விட்டு எங்கும் போகாது. படத்தின் எண் அடையாளம் மட்டுமே அனுப்பப்படும், அதை வைத்து நிறுவனங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப்பில் இது பயன்படாது என்பது இதன் குறை. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் செய்யலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417.

பள்ளி செய்ய வேண்டியது, புகார் கேட்பதற்கென்று ஓர் ஆசிரியரையும் ஓர் ஆசிரியையையும் பெயர் குறித்து அறிவிப்பது. புகார் வந்த அன்றே கேட்க வேண்டும். இறைவணக்கக் கூட்டத்தில் பேசி அம்பலப்படுத்தக் கூடாது. இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்வதும் கூடாது. அது பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது அவமானம். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, தொல்லை நின்றதா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

பள்ளிக் கல்வித் துறை, இணையவழித் துன்புறுத்தலை வெளிப்படையாகப் பெயர் சொல்லி, அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நடைமுறையை எழுத்தில் வகுக்க வேண்டும். புகார் பதிவான பள்ளியைக் கெட்ட பள்ளி என்று பார்க்கும் வழக்கத்தை அதிகாரிகள் விட வேண்டும். புகாரே வராத பள்ளியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

காவல் துறைக்கு நினைவூட்ட ஒரு பழைய துயரம் உண்டு. 2016இல் சேலம் மாவட்டத்தில், மார்பிங் செய்த படம் முகநூலில் வந்ததாகக் குடும்பத்தோடு புகார் கொடுத்த இளம்பெண், நடவடிக்கை தாமதமான நாள்களில் உயிரை விட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். போக்சோ வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மற்ற இணையவழிப் புகார்களோடு வரும் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். படத்தை நீக்கச் சொல்லும் கடிதம், விசாரணை முடியும்வரை காத்திராமல் புகார் வந்த அன்றே நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

நிறுவனங்களிடம் அரசு கேட்டு வாங்க வேண்டியது தமிழ் தெரிந்த ஆள்களை. ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதும் வசவும், ஊர்ப் பேச்சில் வரும் சாதி ஏச்சும் அவர்களுடைய வடிகட்டியில் சிக்குவதில்லை. பிள்ளை புகார் செய்தால், விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வருகிறது. தமிழில் வந்த புகார்கள் எத்தனை, எவ்வளவு நேரத்தில் நடவடிக்கை எடுத்தார்கள் என்று அவர்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

பெற்றோர் இதற்காக யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்திலோ எழுந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: என் பிள்ளைக்கு இப்படி நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்ன அன்றைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கி, பிள்ளையின் பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.